மூட்டைக் கணக்கு

செட்டிபாளையம் பந்தயத் தடத்தில், மூன்றாவது வளைவில்,
கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்து
வெளியே எட்டிப் பார்த்தது.
கட்டைவிரல் நுழையும் ஓட்டை.
"கவிதை எழுதுவீல்ல, இதை எழுது" என்றாள் கோதைநாயகி,
ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

எழுதுகிறேன்.
இதயம் என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன்.
இதயத்துக்கு மவுண்டிங் போல்ட் கிடையாது.
ஆயில் சம்ப் இடிக்கிறதென்று
விலா எலும்பை அரை அங்குலம் அறுக்க முடியாது.

எனக்கு அந்த ரெண்டு லிட்டர் டீசல் மேல் கண்.
உக்கடம் ரஹ்மத்துல்லா கடையில்
தார்ப்பாய்க்கு அடியில் டர்போவோடு கிடந்தது.
கணபதியில் லேத் வைத்திருக்கும் ராயப்பன்
ஆயிரம் சிசி பைக் எஞ்சின் என்றான்.
பதினோராயிரம் சுற்றில் அது கத்துவதை
வாயாலேயே செய்துகாட்டினான்.
டீக்கடை நாய் எழுந்து போனது.
பம்ப்செட் கம்பெனி தனக்கோட்டி,
"மோட்டாரே போட்டுருங்க, காயில் நான் சுத்தித் தர்றேன்" என்றார்.
சுழல்கிற எதைக் கண்டாலும்
எங்கள் ஊருக்குக் கிணறுதான் ஞாபகம்.

கோதை யாருக்கும் பதில் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை வண்டியை டெம்போவில் ஏற்றிப்
பொள்ளாச்சிக்குக் கொண்டுவரச் சொன்னாள்,
அவளுடைய கொப்பரை மண்டிக்கு.

நாலு சக்கரத்துக்கு நாலு தராசு.
எஞ்சின் இல்லாத மூக்கைத் தூக்கிக்கொண்டு
ஒரம்பரை போன இடத்தில் கோவித்துக்கொண்ட
மாப்பிள்ளை போல் நின்றது வண்டி.
கணவாய்க் காற்று ஷட்டருக்கு அடியில் புகுந்து
ஃபைபர் உடம்பை ஆட்டியது,
எண்கள் நிலைகொள்ளவில்லை.
ஷட்டரை இறக்கினோம். இடுக்கில் சாக்கைத் திணித்தோம்.

"உன்ற டீசல் எத்தனை?"
"நூத்தித் தொண்ணூறு."
மூணே முக்கால் மூட்டைக் கொப்பரையை
எஞ்சின் குழிக்குள் இறக்கினார்கள்.
ஸ்பிரிங் முனகி உட்கார்ந்தது.
முன்னால் நூற்று எண்பத்தாறு, எண்பத்தெட்டு.
பின்னால் நூற்று நாற்பதுகூட இல்லை.
"நேரா ஓடும்" என்றேன்.
"நேரா ஓடறதுக்கு லாரி இருக்குது" என்றாள்.

ராயப்பனுடையது ஒன்றரை மூட்டை.
நாலு எண்களும் அண்ணன் தம்பிகளாய் நின்றன,
சொத்துப் பிரிப்பதற்கு முந்தைய நாள் போல.
அவன் மீசையைத் தடவினான்.
"ரிவர்ஸ் உண்டுங்களா?"
"பைக்குக்கு எதுக்குங்க ரிவர்ஸ்?"
அவள் நோட்டை மூடினாள்.
"பின்னால வரத் தெரியாத ஒருத்தரோட
ஆறு வருசம் குடும்பம் நடத்தீட்டேன். போதுமுங்க."
ஷட்டர் மட்டும் தடதடத்தது.

மிச்சம், யாரும் ஆசைப்படாத ஒன்று.
ஆயிரத்து இருநூறு சிசி, அலுமினியம்,
பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற காரில் இருப்பது.
பின்னால் லாரி இடித்த வண்டி, முன்னால் கீறலில்லை.
ஒன்றே முக்கால் மூட்டை.
இடதுபக்கம் முப்பது கிலோ கூடுதல்.
"பேட்டரியை நகர்த்தணும்" என்றான் ராயப்பன்.
"ஸ்டார்ட்டரை" என்றேன் நான்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு
வலதுபக்க சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள்.
ஐம்பத்து மூன்று கிலோ.
வலதுபக்க எண்கள் மெல்ல எழுந்துவந்து
இடதுபக்கத்துக்குச் சமமாய் நின்றன.
"இத்தனை நேரம்
ஓட்டறவ இல்லாம எடை போட்டுட்டிருந்தீங்க."

எண்பத்திரண்டு குதிரைதான் என்று முணுமுணுத்தேன்.
கேட்டதோ என்னவோ.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
மூன்றாவது வளைவில் இருந்தாள்.

நாளைக்கு ரஹ்மத்துல்லாவிடம் விலை பேச வேண்டும்.
டெம்போ திரும்புகையில்
குழிக்குள் விட்டுப்போன ஒரு கொப்பரைச் சில்லு
ஒவ்வொரு வேகத்தடைக்கும் கடகடத்தது.
நிறுத்தி எடுக்கலாம் என்றான் ராயப்பன்.
கிணத்துக்கடவு தாண்டியும்
நாங்கள் நிறுத்தவில்லை.